சுராங்கனிக்கு மாலை

கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நமது சங்கச் செயலாளர் மூன்று தடவை ரெலிபோன் எடுத்துவிட்டார். அதிபர்மாரைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பிக் மட்ச் கிரிக்கெற் பற்றி எழுத அதைவிடக் கூடுதலான பேர். எனக்குக் கல்லூரி என்றதும் முதலில் காதில் விழுவது ஒரு பைலாப் பாட்டு, ஆட வைக்கும் துள்ளல் பாட்டு. அதைப் பாடியவர் நம்மோடு படித்தவரும் இல்லை. ஏ. ஈ. மனோகரன். தமிழ்நாட்டாருக்கு அவர் சிலோன் மனோகர்.

1977, யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர் ஒன்றியத்தின் இராப்போசன விருந்து. வேம்படி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் ஒரு மாதத்துக்கு முன்பே பெல்பொட்டம் தைக்கக் கொடுத்தாயிற்று. கலை நிகழ்ச்சியில் நானும் இன்னொருவனும் ‘சுராங்கனி’ பாடுவதாக ஏற்பாடு. அவனுடைய பெயரை எழுதினால் கோபிப்பான். நாங்கள் வைத்த பட்டம் ‘பொங்கோ’. எந்த மேசையைக் கண்டாலும் தட்டுவான். பாடுவது அவன், வெறும் பால்மா ரின்னில் தாளம் போடுவது நான்.

அப்போது பொப் இசைக்கு நல்ல காலம். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ சின்னப் பிள்ளைகளின் வாயிலும் இருந்தது. சாமத்தியச் சடங்கு வீட்டில் லவுட்ஸ்பீக்கர் கட்டினால் முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு சீர்காழி, அப்புறம் பெரியவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மனோகரன். எங்கள் அம்மாவுக்கு அது ‘கூத்தாடிப் பாட்டு’. நான் கஸ்தூரியார் வீதிக் கடையில் காசு கொடுத்துப் பதிவித்து வந்த சி-60 கசெற் ஒன்று, ஒருநாள் அரிசிப் பானைக்குள் போய்விட்டது. பரீட்சை முடிந்த பிறகுதான் வெளியே வந்தது.

சிங்களம் கலந்த பாட்டு. எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. ‘மாலு’ என்றால் மாலை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். காதலன் சுராங்கனிக்கு மாலை கொண்டு வருகிறான். நல்ல காதல் பாட்டு. மேடையில் மாலையும் வேண்டும் என்று பொங்கோ அடம்பிடித்து, பூக்கடையில் செவ்வரத்தை மாலை ஒன்றுக்குச் சொல்லியும் வைத்தான். பாண் வாங்கப் போன இடத்தில் பேக்கரிக்கார முதலாளிக்கு, மாத்தறைப் பக்கத்து மனுசன், இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவர் மா பூசின கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். “மாலை இல்லை தம்பி, மீன்! மீன்!” என்று கையால் நீந்திக் காட்டினாராம். சில வருடங்களில் அந்தப் பேக்கரி பூட்டிக் கிடந்தது.

ஒத்திகைதான் பெரிய சங்கடம். பைலாவின் ஓட்டம் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தரமும் மூன்றாவது தட்டில் முந்திவிடுவேன். பொங்கோ கரும்பலகைத் துடைப்பானால் எறிவான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒருநாள் இப்படி நடந்துகொண்டிருக்கும்போது மிருதங்க சேர் கதவடியில் நின்றார். பொப் பாட்டு என்றாலே முகத்தைச் சுளிப்பவர். எங்களுக்கு மூச்சு நின்றது.

“உது என்ன தாளம்?”

“பைலா, சேர்.”

“பைலாவோ, பயித்தியமோ. உது திஸ்ர நடை எல்லோ. தகிட, தகிட. உதுகூட வரேல்லை, பிறகென்ன பாட்டு?”

உள்ளே வந்து ரின்னை வாங்கி மேசையில் வைத்து, இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். ஆறு எண்ணிக்கை, மும்மூன்றாகப் பிரிந்து, கடைசியில் ஒரு சின்னத் துள்ளல். அந்தத் துள்ளலை அவருக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு இன்றும் யோசனைதான். “இப்ப அடி” என்றார். அடித்தேன். மூன்றாவது தட்டில் முந்தினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டவர்கள். எங்கள் வீடுகளில் கதிரையையும் அலுமாரியையும் பாணையும் சப்பாத்தையும் விட்டுப் போனார்கள். பைலாவைத் தெற்கில் விட்டுவிட்டார்கள். அங்கே அதைச் சிங்களத்தில் மேடைக்கு ஏற்றியவர்களில் முக்கியமான ஆள் வோலி பஸ்தியன், தொழிலில் பொலிஸ்காரர். அந்த ஆட்டத்தைத் தமிழ் நாக்கில் வைத்துக் கடல் தாண்டவும் வைத்தவர் மனோகரன். நாங்கள் விருந்தில் பாடிய அதே 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக மலேசியா வாசுதேவனும் ‘சுராங்கனி’ பாடினார். நல்லாகத்தான் பாடியிருக்கிறார். ஆனாலும் நாங்கள் அதை ‘இந்தியச் சுராங்கனி’ என்றுதான் சொல்வோம், ஏதோ மட்டமான சரக்குப் போல.

விருந்துப் பாட்டு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மாலைக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் ‘வாடைக்காற்று’ படம் வந்தது. செங்கை ஆழியானின் நெடுந்தீவுக் கதை. நாவலை நூலக வரிசையில் நின்று வாசித்திருந்தோம். மனோகரனுக்கு நடிப்பு புதிதல்ல, 1966இல் ‘பாசநிலா’விலேயே நடித்துவிட்டார். எங்களுக்குத்தான் அவர் முகம் புதிது. அதுவரை அவர் ஒரு குரல். எம்.ஜி.ஆர். படத்துக்குச் சட்டை கிழிய ரிக்கற் எடுத்த சனம், நமது ஊர்ப் படத்துக்கு மழைக்கு ஒதுங்கினது மாதிரி வந்து இருந்தது. உப்புக் காற்றும் கருவாட்டு வாடையுமாக நமது பேச்சிலேயே ஒரு படம். எனக்குப் பிடித்தது. பொங்கோவுக்கு ஒரே மனக்குறை, அவர் பைலா ஆடவில்லை என்று.

அதன் பிறகு மனோகரன் சென்னைக்குப் போனார். தமிழ், மலையாளப் படங்களில் பெரும்பாலும் வில்லன், இல்லாவிட்டால் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள். 1982இல் ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கி, கொஞ்சக் காலத்தில் நமது ஊரிலும் கமுகுக்கு மேலே அன்ரெனாக்கள் முளைத்தன. அதைவிட வீடியோ டெக்தான் பிரபலம். ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். அப்படி ஒரு இரவு, கதாநாயகனிடம் அடி வாங்க ஒரு ஆள் வந்து நின்றார். “டேய், மனோகரன்!” என்று ஆரோ கத்தினார்கள். பிறகு முற்றம் முழுவதும் வில்லன் பக்கம். கதாநாயகன் ஒவ்வொரு குத்து விடும்போதும் கூட்டம் “ஐயோ” என்றது. எழுத்தோட்டத்தில் ‘சிலோன் மனோகர்’ என்று வந்ததும் ஒரே கைதட்டு. நாடு 1972இலேயே பெயரை மாற்றிவிட்டது. சென்னைக்காரருக்கு வானொலியும் சிலோன் றேடியோ, இவரும் சிலோன் மனோகர். கடவுச்சீட்டில் இல்லாமல் போன பெயர் அவருடைய பெயரின் முன்னால் கடைசிவரை இருந்தது.

நான் 1984இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அம்மா ஊரிலேயே இருந்தார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடுமாம். களைத்தால் பாட்டும் இழுபடுமாம். செய்திக்காகத்தான் சுற்றுவது, ஆனால் செய்தி முடிந்ததும் அம்மாவே “கொஞ்சம் பாட்டுக் கேப்பம், சுத்து” என்பாராம். கசெற்றை அரிசிப் பானைக்குள் ஒளித்த அதே அம்மா.

பிறகு அவர் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். இரவுச் சாப்பாடு சென்னைச் சீரியல்களோடுதான். ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து குரல்.

“தம்பி, இஞ்சை ஓடி வா. உவர் ஆரெண்டு பார்.”

திரையில் வயதான ஒரு மனிதர், வீட்டுச் சண்டை ஒன்றின் நடுவில். முகம் கனத்திருந்தது. எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை.

“உவர் எங்கட மனோகரன் எல்லோ. குரலைக் கேள்.”

வசனத்தைவிடக் குரலைக் கேட்டேன். அவர்தான். அம்மா அந்தத் தொடரை அதன் பிறகு விடாமல் பார்த்தார். அவர் வராத நாட்களில் “இண்டைக்கு ஒண்டுமில்லை” என்று எழும்பிப் போய்விடுவார். நடிகராக அவரை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். கொடுத்த வேலையைச் செய்தார், பல நேரம் அவருடைய அளவுக்குச் சின்ன வேலை. ஆனால் கதைக்கும்போது சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு துள்ளல் வரும். அந்த மிருதங்க சேர் தட்டிக் காட்டியது அதுதான்.

2018 ஜனவரி 22, சென்னையில் காலமானார். வயது 73. இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெல்பேணிலிருந்து பொங்கோ எடுத்தான். “கேள்விப்பட்டியோ?” என்றான். “ஓம்” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்க்கும்போது அந்தப் பக்கம் மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. தகிட, தகிட. நானும் குசினி மேசையில் சேர்ந்துகொண்டேன்.

“இப்பவும் மூண்டிலை முந்திறாயடா” என்றான்.