ரீங்காரத்தை எடுத்துவிடாதீர்கள்

மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலைக்கு ஒரு பாட்டு வந்தால் என் காது முதலில் அழுக்கைத்தான் தேடும். கேபிளில் விழுந்த சொடுக்கு, மைக்கில் இடித்த மூச்சு, பின்னால் ஓடும் மின் இரைச்சல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் இடங்களில் இந்த இரைச்சல் 50, 100, 150 என்று அடுக்காக வரும். ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

சோதனை இசை செய்யும் இருவர் தனிப் பாட்டாக வெளியிடவிருந்த தங்கள் புதிய சிங்கிளை அனுப்பியபோது, கூடவே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்கள்: "ரீங்காரத்தை எடுத்துவிடாதீர்கள், அதுதான் சுருதி."

அது ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம். மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் இரும்பு உள்ளகம் இரண்டு முறை துளியளவு நீண்டு சுருங்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாய்ந்தால் 100 ஹெர்ட்ஸில் முனகும். பியானோவில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அதைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்கிறது. இருவரும் சிந்தசைசரையும் குரலையும் அந்த இடத்துக்கே ஏற்றிச் சுருதி சேர்த்திருந்தார்கள். அதை வடிகட்டினால் கச்சேரி நடுவில் தம்புராவைப் பிடுங்கிக்கொண்டு போவது போல் ஆகிவிடும்.

இப்படிச் செய்வது புதிதல்ல. 1948-லேயே பாரிஸில் பியர் ஷேஃபர் பதிவுசெய்த ரயில் சத்தங்களைக் கோத்து இசையாக்கி வானொலியில் ஒலிபரப்பினார். மேட்மோஸ் என்ற இரட்டையர் 2016-ல் ஒரே ஒரு சலவை இயந்திரத்தின் ஒலியிலிருந்தே ஒரு முழு ஆல்பம் செய்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்படிப்பட்ட ஒன்று என் மேசைக்கு வந்தால் என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

பெரிய சிக்கல் கைப்பேசி. அதன் சிறிய ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் வெளியே வராது, அதாவது இந்தப் பாட்டின் தரையே காணாமல் போய்விடும். அடி ஒலியை ஏற்றிப் பயனில்லை. ரீங்காரத்தில் மெல்லிய சாச்சுரேஷன், அதாவது மேல் ஒலிகளைக் கூட்டும் லேசான சிதைவு கொடுத்து 200, 300, 400-ல் இருக்கும் மேல் ஒலிகளைக் கொஞ்சம் தூக்கினேன். அவை கேட்டால் போதும், அடியில் இல்லாத சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். மனிதக் காதின் இந்தக் குணம் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

அப்புறம் சத்த அளவு. 'இன்னும் சத்தமாக வேண்டாமா?' என்று வெளியீட்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்டார். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஏற்ற இறக்கத்தை நசுக்கி -8 அளவுக்குச் சத்தமாக்கி அனுப்பினால் 6 டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். இந்தப் பாட்டின் உயிரே அமைதிக்கும் வெடிப்புக்கும் உள்ள தூரம்தான் என்று சொன்னேன், சரி என்று ஒத்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இதிலோ குரல் அதற்குப் பிறகுதான் நுழைகிறது. முன்னால் கொண்டுவரச் சொன்னார். அவர் பிழைப்பு அது, கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நான் இருவர் பக்கம்தான் நின்றேன். ரீங்காரம் காதில் ஊறி, அது சத்தம் என்பதே மறந்துபோக நேரம் வேண்டும். அதற்கு முன்னால் குரல் வந்தால் சுருதி விலகிப் பாடுவதாகத்தான் தோன்றும். இருவரும் அசையவில்லை. குரல் இருந்த இடத்திலேயே இருக்க, பாட்டு வெளியீட்டுக்குப் போனது.

இப்போது எந்தப் பாட்டு வந்தாலும், இரைச்சலை வெட்டுவதற்கு முன்னால் அது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று ட்யூனரில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். பெரும்பாலும் அது வெறும் இரைச்சல்தான், வெட்டிவிடுகிறேன்.