ஐஎன்ஏ3221: ஒயர் மாட்டாத மூன்றாவது சேனலை டிரைவர் எழும்போதே அணைப்பது

ரவுட்டரின் 12 வோல்ட் லைன், ராஸ்பெரி பை 4-இன் 5 வோல்ட் லைன், இரண்டையும் கண்காணிக்க வேண்டும். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை பிடித்தால் கரண்ட் கண் சிமிட்டும். அப்போது மினி யூபிஎஸ் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. இதற்கு எடுத்தது ஐஎன்ஏ3221, கரண்ட்டும் வோல்டேஜும் அளக்கும் சிப். அதில் சேனல் மூன்று. நமக்குத் தேவை இரண்டு. மிச்சமிருக்கும் அந்த ஒன்றில்தான் தலைவலி.

முதலில் ஒயரிங். மாட்யூலுக்கு 3.3 வோல்ட் கொடுங்கள்; 5 வோல்ட் கொடுத்தால் மாட்யூலிலுள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக பையின் பின்களுக்கு 5 வோல்ட் போய்விடும். கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. லோடு சேனலின் மைனஸ் பின் பக்கம், ஏனென்றால் வோல்டேஜை சிப் அங்கேதான் அளக்கிறது. மாட்யூலில் வரும் ஷன்ட், அதாவது கரண்ட்டை அளக்க லைனில் நிற்கும் சிறு ரெசிஸ்டர், 0.1 ஓம். ஷன்ட்டில் சிப் அளக்கக்கூடிய அதிகபட்சம் 163.8 மில்லிவோல்ட், ஆக 1.638 ஆம்ப் வரைதான் தெரியும். ரவுட்டருக்கு அது தாராளம். பைக்குச் சரிவராது: 1 ஆம்ப் இழுத்தாலே 0.1 வோல்ட் ஷன்ட்டில் போய்விடும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை புலம்பும். அதனால் இரண்டாவது சேனலில் மட்டும் 0.01 ஓம் மாற்றிச் சால்டர் செய்தது. ஜாலான் பாசார் பக்கம் பாகக் கடைகளில் தேடும்போது பழைய ரெசிஸ்டரைக் கையோடு கொண்டுபோனால் அளவு தப்பாது.

சிப்பை இயக்கும் லினக்ஸ் டிரைவரை அப்படியே ஏற்றினால் மூன்று சேனலும் ஓடும். மூன்றாவதில் கரண்ட் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் போர்டிலுள்ள ஷன்ட் இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வோல்டேஜ்தான் மிதக்கும், 8 மில்லிவோல்ட் படிகளில் அது பாட்டுக்குத் தாவும். கிராஃபில் பார்த்தால் உண்மையான லைன் போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. இரண்டு பின்னையும் கிரவுண்டில் கட்டினால் பூஜ்யம் வரும், ஆனாலும் சிப் அதை அளந்துகொண்டேதான் இருக்கும்.

ஐ2சிசெட் கட்டளை கொண்டு முன்கூட்டியே சிப்பின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்டரில் எழுதி வைப்பதில் பலனில்லை. டிரைவர் எழும்போது சிப்பை ரீசெட் செய்து தன் மதிப்பையே எழுதும். சொல்ல வேண்டியதை, என்ன வன்பொருள் மாட்டியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில்தான் சொல்ல வேண்டும்.

அந்த ட்ரீயோடு சேர்க்கும் துண்டான ஓவர்லேயில் சிப்பின் முகவரி ஹெக்ஸ் 40. அதற்குள் இன்புட்@0, இன்புட்@1, இன்புட்@2 என்று மூன்று கிளைகள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. மூன்றாவது சேனல் என்பது இன்புட்@2. முதல் இரண்டுக்கும் பெயரும் ஷன்ட் மதிப்பும் தர வேண்டும், மதிப்பு மைக்ரோ ஓமில்: 100000, 10000. மூன்றாவதில் ஸ்டேட்டஸ் டிசேபிள்ட். இங்கே பலரும் வழுக்குவது, வேண்டாத கிளையை எழுதாமலே விட்டுவிடுவதில். கிளை இல்லையென்றால் சேனல் இல்லை என்று டிரைவர் எடுத்துக்கொள்ளாது, 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டு ஓட்டும். டிசேபிள்ட் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அணைக்கும்.

ரீபூட் செய்தபின் ஐ2சிடிடெக்டில் 40 இருந்த இடத்தில் யூயூ வரும்; டிரைவர் பிடித்துக்கொண்டது. கான்ஃபிக் ரெஜிஸ்டரின் ஆரம்ப மதிப்பு ஹெக்ஸ் 7127. மேலே 14, 13, 12-ஆம் பிட்கள் முறையே ஒன்று, இரண்டு, மூன்றாம் சேனலுக்கு. 12-ஆம் பிட் விழுந்தால் 6127. ஐ2சிகெட்டில் வேர்டு முறையில் படித்தால் பைட்டுகள் இடம் மாறி 2761 என்று காட்டும்; பதற வேண்டாம். டிரைவர் பிடித்திருப்பதால் ஃபோர்ஸ் ஆப்ஷன் சேர்த்தால்தான் படிக்கவே விடும்.

ஒரு சுற்றுக்கான நேரமும் குறையும். ஒரு சேனலுக்கு 1.1 மில்லிசெகண்ட் வீதம் இரண்டு அளவீடு; மூன்றுக்கு 6.6, இரண்டுக்கு 4.4. ஆவரேஜிங்கை 16 என்று வைத்தால் (16 முறை அளந்து சராசரி எடுப்பது) இதே கணக்கு 105.6-இலிருந்து 70.4 ஆகும். அப்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

லினக்ஸ் அளவீடுகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் மூன்றாவது சேனலின் ஃபைல்கள் மறையாது. படித்தால் தரவு இல்லை என்ற பிழை வரும், சென்சார்ஸ் கட்டளையில் என்/ஏ என்று நிற்கும். லாக் எடுக்கும் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையை 0 என்று எழுதிவிடக் கூடாது, அந்த வரியைத் தாண்டிப்போக வேண்டும். கூட்டுத்தொகை காட்டும் நான்காவது கரண்ட்டும் இங்கே என்/ஏ-தான். அணைத்த சேனல் அந்தக் கணக்கில் சேராது. மீதியுள்ள இரண்டின் ஷன்ட்டும் வேறு வேறு என்பதால் டிரைவர் கூட்ட மறுக்கிறது. அது சரியும்கூட.

பின்னால் ஃபேன் லைனை மூன்றாவதில் சேர்ப்பதானால், எனேபிள் ஃபைலில் 1 எழுதினால் சேனல் ஓடத் தொடங்கும். ஆனால் அணைத்த கிளையின் ஷன்ட் மதிப்பை டிரைவர் படித்திருக்காது, 0.01 ஓம் என்றே நினைக்கும். போர்டில் இருப்பது 0.1 ஓம், ஆகவே 200 மில்லிஆம்ப் ஃபேன் 2 ஆம்ப் என்று காட்டும். ஓவர்லேயில் ஸ்டேட்டஸை ஓகே ஆக்கி, 100000 எழுதி, ரீபூட் செய்வதே வழி.