ஸாஸாவென்று பெய்யும் மழையும் ஓர் உழவு மழையும்

ஓசூரில் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் அஞ்சுவது சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளுக்கு. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதே மொழியில், இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலேயே நமக்குப் பாதி விளங்கிவிடும் ஒரு பகுதியும் இருக்கிறது. அது மழையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பயன்படுத்தும் ஒலிக்குறிப்புச் சொற்கள். ‘ஸாஸா தோ ஃபுரு’ என்றால் பெருமழை இரைச்சலோடு பெய்கிறது என்று பொருள். இதில் ‘ஃபுரு’ என்பது பெய்தலைக் குறிக்கும் வினை, ‘ஸாஸா’ மழையின் ஓசை, நடுவில் நிற்கும் ‘தோ’ நம்முடைய ‘என்று’. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்கிறோமே, அங்கும் ஜப்பானியர் இதே ‘தோ’வைத்தான் இடுகிறார்கள். மனிதர் பேச்சுக்கு ஒன்று, மழையின் பேச்சுக்கு வேறொன்று என அவர்கள் பிரிக்கவில்லை. ‘சோவென்று மழை பெய்கிறது’ என்னும் நாமும் பிரிக்கவில்லை. ஓசூரில் கன்னடம் பேசுகிறவர்கள் ‘அந்த’ என்றும் தெலுங்கு பேசுகிறவர்கள் ‘அனி’ என்றும் இதே இடத்தில் இதே வேலையைச் செய்துகொள்வதால், எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் மட்டும் மூன்று மொழிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

சொற்களைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். மழை தொடங்கும்போது தனித்தனியாக விழும் துளிகளுக்கு ‘பொத்ஸு பொத்ஸு’. துளிகள் சிதறலாக விழுந்து, நனைவதா ஒதுங்குவதா என்று நம்மைத் தயங்கவைக்கும் மழைக்கு ‘பரபர’. தமிழில் இது அவசரத்தைக் குறிப்பதால் எனக்கு வெகுநாள் குழப்பம் தந்த சொல் இது. காற்றில்லாமல், சத்தமில்லாமல், நீண்ட நேரம் இறங்கும் மென்மழைக்கு ‘ஷிதோ ஷிதோ’. நவம்பரில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையிலிருந்து மாலை வரை இறங்கும் மழை இந்த வகைதான்; அதைத் தூறல் என்றால் போதவில்லை, அடைமழை என்றால் மிகையாகிவிடுகிறது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுவதற்கு ‘பொத பொத’, இடியின் உருளலுக்கு ‘கொரொ கொரொ’, முழுக்க நனைந்து உடை உடம்போடு ஒட்டிக்கொண்ட நிலைக்கு ‘பிஷோ பிஷோ’.

இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியம் காலத்திலிருந்து நாம் படித்துவரும் விதி. ஜப்பானியச் சொற்களும் பெரும்பாலும் இரட்டித்தே வருகின்றன என்றாலும், அவற்றைப் பிரிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ‘பொத்ஸு பொத்ஸு’ என்றால் துளிகள் தொடர்ந்து விழுகின்றன. ‘பொத்ஸுரி’ என்றால் ஒரே ஒரு துளி. மின்னல் மீண்டும் மீண்டும் வெட்டினால் ‘பிகா பிகா’, ஒரே வெட்டாக வெட்டினால் ‘பிகா’வோடு ‘த்தோ’ சேர்ந்து ‘பிகாத்தோ’. யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் இந்த ஏற்பாடு உண்டு. ‘சடசட’வைப் பாதியாக வெட்டி ‘சட’ என்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் ‘சட்டென்று’ சொல்லலாம். ‘படபட’வுக்குப் ‘பட்டென்று’, ‘பளபள’வுக்குப் ‘பளிச்சென்று’ என்று, தொடர்ந்து நிகழ்வதற்கு இரட்டையையும் ஒருமுறை நிகழ்வதற்கு ஒற்றெழுத்து ஏறிய ஒற்றைச் சொல்லையும் நாம் அறியாமலேயே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். எனக்கு இதைக் கவனிக்க ஜப்பானிய மொழி வர வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்து கைவிடும் இடம் ஒன்று உண்டு. ‘கொரொ கொரொ’ என்று நான் மேலே எழுதியதை நீங்கள் எப்படி வாசித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஏனெனில் ஜப்பானியத்தில் அது இரண்டு சொற்கள். ‘கண்’ணில் வரும் ககரத்தோடு சொன்னால் சிறு பொருள் இலேசாக உருள்வது; ‘தங்க’த்தில் வரும் ககரத்தோடு சொன்னால் பாறை உருள்வது, இடி முழங்குவது. ‘பரபர’வும் அப்படியே. ‘பல்’லின் பகரம் என்றால் சிதறல் மழை, ‘கம்ப’த்தின் பகரம் என்றால் பெருந்துளிகள் அடித்து விழும் மழை. ‘ஸாஸா’வின் முதல் ஒலியும் தூய ஸகரம் அன்று, அதற்குத் தொண்டையின் அதிர்வைச் சேர்த்தது. அதிர்வு சேர்ந்தால் எடை கூடும் என்பது இந்தச் சொற்களில் பரவலாகக் காணக்கூடிய ஒழுங்கு. ஒரே எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடுகளை இட்டு அவர்கள் இதைக் காட்டிவிடுகிறார்கள். கன்னடம் எழுதத் தெரிந்த நண்பர்கள் குறிப்பேட்டில் கன்னட எழுத்திலேயே இவற்றை எழுதிக்கொண்டார்கள், நான் பொறாமைப்பட்டேன்.

ஓசையே இல்லாதவற்றுக்கும் இதே அச்சில் சொற்கள் உள்ளன. ஈரப்பதம் ஒட்டி, துணி உலராமல், சுவர் பூசணம் பிடிக்கும் நிலை ‘ஜிமெ ஜிமெ’. காற்றே அசையாத புழுக்கம் ‘முஷி முஷி’. கனத்த மேகம் மூடிய வானம் ‘தொன்யொரி’. ஜூன், ஜூலை மாதங்களில் வடகோடித் தீவான ஹொக்காய்தோ தவிர்த்த ஜப்பானில் ‘ட்ஸுயு’ என்ற மழைப்பருவம் வருகிறது. பிளம் இனக் காய் பழுக்கும் காலம் என்பதால் அதைப் ‘பிளம் மழை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகிறார்கள். மாங்காய் மழையை எதிர்பார்த்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘ஜிமெ ஜிமெ’ அந்தப் பருவத்தின் சொல். நம் ‘நசநச’ அதற்கு மிக அருகில் வரும்.

நான் மிகவும் வியந்தது அரசு அலுவலகத்தில் இச்சொற்களுக்குக் கிடைத்திருக்கும் இடத்தைக் கண்டுதான். ஜப்பான் வானிலை முகமை வெளியிடும் மழைச்செறிவு அட்டவணையில், மணிக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழைக்கு, அது எப்படித் தோன்றும் என்னும் இடத்தில், ‘ஸாஸாவென்று பெய்யும்’ என்று அதிகாரப்பூர்வமாகவே எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்தால் மழைச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்காது என்ற குறிப்பும் அங்கே உண்டு. 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் உறங்குபவர்களில் பாதிப் பேர் மழையை உணர்வார்கள். 30 முதல் 50 வரை வாளியைக் கவிழ்த்ததுபோல் பெய்யும். 50 முதல் 80 வரை அருவிபோல், ‘கோகோ’வென்று தொடர்ந்து பெய்யும், குடை சிறிதும் உதவாது. 80-க்கு மேல் ஓசைச்சொல் எதுவும் இல்லை. மூச்சு முட்டும் அழுத்தமும் அச்சமும் தோன்றும் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் எட்டினால் கனமழை, 115.6 எட்டினால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அளவு துல்லியமானது, ஆனால் அந்த மழை வீட்டுக்குள் இருப்பவர் காதில் எப்படி விழும் என்பதை அது சொல்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதைச் சமமாகப் பங்கிட்டாலும் மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் வரும்: பாதிப் பேரை எழுப்பிவிடும் மழை, இரவும் பகலும் இடைவிடாமல்.

இருந்தாலும், மழையைத் தரம் பிரிக்கும் வேலையில் காது ஒன்றுதான் கருவி என்று நான் நினைக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. டோக்கியோவில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மானாவாரியில் விதைக்கும் வீடுகளில் ‘எப்படிப் பெய்தது’ என்பதைவிட ‘எவ்வளவு இறங்கியது’ என்பதே கேள்வி. பென்னாகரத்திலிருந்து என் பெரியப்பா தொலைபேசியில் மழைச் செய்தி சொல்லும்போது ‘ஓர் உழவு மழை’ என்றோ ‘உழவுக்குக் காணாது’ என்றோதான் சொல்வார். ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அந்த அளவுகோல். அவர் கணக்கில், இரவு முழுவதும் ‘ஷிதோ ஷிதோ’வென்று இறங்கிய மழை மதிப்புக்குரியது, கால் மணி நேரம் ‘ஸாஸா’வென்று அடித்து, மேட்டிலிருந்து ஓடைக்கு ஓடிவிட்ட மழை, ஜப்பானிய அட்டவணையில் எந்த வரிசையில் இருந்தாலும், உழவுக்குக் காணாதது.