ஊர் தொலைந்த வண்டுகள்

கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பூச்சிப் பெட்டி ஒன்றைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். குண்டூசியில் குத்திய 23 வண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் பழுப்பேறி, ஓரம் அரித்துப்போன ஒரு சீட்டு. பார்க்க நன்றாக இல்லையே என்று அத்தனையையும் உருவிப் போட்டுவிட்டு, புது அட்டையில் பெயரை மட்டும் முத்து முத்தாக எழுதிச் செருகினேன். பேராசிரியர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "எந்த ஊர் வண்டுப்பா இது?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் சீட்டில் இருந்தது. சீட்டு போன குப்பை காலையிலேயே எரிந்துவிட்டது.

ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸைப் பற்றி வெகு நாள் கழித்துத்தான் படித்தேன். 1848இல் அமேசானுக்குப் போனவர். பூச்சியும் பறவையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, விற்ற காசில் பிழைத்தவர். நாலு வருடம் அலைந்துவிட்டுத் திரும்பும்போது, 1852 ஆகஸ்டில், நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. கடைசி இரண்டு வருடச் சேகரிப்பில் பெரும்பகுதி அதோடு போயிற்று. கையில் மிஞ்சியது கொஞ்சம் ஓவியங்களும் குறிப்புகளும். பத்து நாள் திறந்த படகில் கிடந்து தப்பினார்.

அதே வருடம் டிசம்பரில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கிறார். அதில் ஒரு புகார்: மாதிரிகளில் 'பிரேசில்', 'பெரு' என்று மொட்டையாக எழுதி வைத்திருக்கிறார்களே, ஆற்றின் எந்தக் கரை என்று யாருமே எழுதவில்லையே! இந்தக் கரைக் குரங்கு அந்தக் கரையில் இருக்காது; அங்குள்ள வேட்டைக்காரர்களுக்கு இது தெரியும், வேண்டிய விலங்குக்காக ஆற்றைத் தாண்டிப் போவார்கள். சேகரித்ததெல்லாம் சாம்பலான மனிதருக்குச் சீட்டைப் பற்றிக் கவலை! படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகள். மொத்தம் 1,25,660 மாதிரிகள். அதில் வண்டு மட்டும் 83,200. பரிணாமக் கொள்கைக்காக அவரைப் படிப்பவர்கள் படிக்கட்டும், எனக்குப் பிடித்தது நியூகினியின் டோரியில் அவர் எறும்போடு பட்ட பாடு. அட்டையில் ஒட்டி வைத்த பூச்சியை அவர் கண்ணெதிரிலேயே பிய்த்துத் தூக்கிக்கொண்டு போயின. பறவைத் தோலைக் காயவைத்தால் ஈ வந்து முட்டையிட்டது. பிடிப்பது பாதி வேலைகூட இல்லை. எங்கள் அலமாரியின் கால்களுக்கும் நாங்கள் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தோம். கோடையில் ஒருநாள் ஊற்ற மறந்தால் போதும், மறுநாள் காலை ஊசிதான் நிற்கும்.

சுட்டது, தோலுரித்தது, பாடம் செய்தது எல்லாம் வாலஸ் ஒருவரே அல்ல. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற பையன் கூடவே இருந்தான். பச்சான் தீவில் புது வகைச் சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவன் அவன்தான். பறவைக்கு வாலஸ் பெயர்.

ஓய்வு பெறும்போது சாவிகளை ஒப்படைக்கப் போனேன். அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. 23 வண்டுகளும் பளபளப்பாக, கீழே என் அழகான கையெழுத்தோடு.