லாக் அவுட் செய்தும் குரூப் அனுமதி வரவில்லையா?

யூஎஸ்பி சீரியல் போர்டு ஒன்றில் புரோகிராம் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. போர்ட்டைத் திறக்கப் போனால் 'பெர்மிஷன் டினைட்'. இதில் புதிர் எதுவும் இல்லை. டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் அந்த டிவைஸ் ரூட்டுக்கும் (நிர்வாகி கணக்கு) டயல்அவுட் என்ற பயனர் குரூப்பில் இருப்பவர்களுக்கும்தான் திறக்கும். யூசர்மாட் -ஏஜி கட்டளை கொடுத்து என்னை அந்தக் குரூப்பில் சேர்த்துக்கொண்டு, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தேன். மறுபடியும் அதே பெர்மிஷன் டினைட்.

எங்கே தேடினாலும் "லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. செய்தாயிற்றே ஐயா! ஐடி கட்டளையோடு என் பயனர் பெயரையும் கொடுத்தால் டயல்அவுட் இருக்கிறது, பெயர் இல்லாமல் வெறும் ஐடி அடித்தால் காணோம். பெயர் கொடுத்தால் அது குரூப் பதிவைப் படித்துச் சொல்கிறது, கொடுக்காவிட்டால் இப்போது ஓடும் ஷெல்லிடம் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கும் புரோகிராம்) உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. முதலாவதை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று மண்டை காயும்.

அப்புறம் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்து டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்து பார்த்தால், அங்கே டயல்அவுட் ஜம்மென்று இருக்கிறது! ஆக, கோளாறு டெஸ்க்டாப் செஷனில்தான். க்னோம் டெர்மினல் நேரடியாக லாகினிலிருந்து பிறப்பதில்லை, பயனருக்கென்று பின்னணியில் தனியாக ஓடி அவருடைய புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி மேனேஜரின் கீழ் எழுகிறது. குரூப் பட்டியல் ஒரு புராசஸ் (ஓடும் புரோகிராம்) பிறக்கும்போது அதைத் தொடங்கிய தாய் புராசஸிடமிருந்து வருவது. நான் லாக் அவுட் செய்தபோது அந்த மேனேஜர் சாகவே இல்லை, ஏனென்றால் ரூட்லெஸ் (ரூட் உரிமை இல்லாமல் ஓடும்) பாட்மேன் கன்டெய்னர்களுக்காக எப்போதோ லிங்கர், அதாவது லாக் அவுட்டுக்குப் பிறகும் மேனேஜரை ஓடவிடும் அமைப்பு, இயக்கப்பட்டிருந்தது. அதன் புராசஸ் எண்ணை வைத்து புராக் அடைவில் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் 'குரூப்ஸ்' வரியில் பழைய எண்கள் மட்டும். டயல்அவுட்டின் எண்ணான 20 இல்லை.

லிங்கர் இல்லாதவர்களும் மாட்டலாம். கடைசி செஷன் மூடிய பிறகும் மேனேஜர் இயல்பாக 10 விநாடி காத்திருக்கும், அதற்குள் அவசரமாகத் திரும்ப லாகின் செய்தால் பழையதேதான் கிடைக்கும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) செஷன் ஏதாவது திறந்திருந்தாலும் இதே கதை. திரையைப் பூட்டித் திறப்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

திறந்திருந்த கோப்புகளைச் சேமித்துவிட்டு (இது முக்கியம், எல்லாவற்றையும் கொன்றுவிடும்) என் செஷன்களையெல்லாம் முடிக்கும் லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கட்டளை கொடுத்தேன். திரும்ப வந்ததும் வெறும் ஐடியிலேயே டயல்அவுட், புரோகிராமும் ஏறிவிட்டது. ரீபூட் செய்தாலும் தீரும்தான், ஆனால் காரணம் தெரியாமல் ரீபூட் செய்வது எனக்குப் பிடிக்காது.

குறுக்குவழிகள் பற்றி: நியூகுரூப் அடித்தால் அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் வேலை செய்யும், மெனுவிலிருந்து திறக்கும் எடிட்டருக்கு எட்டாது. டிவைஸை எல்லோருக்கும் திறந்துவிட சிஎச்மாட் 666 போட்டால் கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் போய்விடும். யூசர்மாடில் அந்த 'ஏ' விட்டுப்போனால் சூடோ (நிர்வாகி உரிமை தரும் குரூப்) உட்பட மற்ற குரூப்கள் எல்லாம் காலி, அதைச் சரிசெய்ய ரெகவரி மோடுக்குப் போக வேண்டிவரும். ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டயல்அவுட்டைத் தேட வேண்டாம், அங்கே அது யூயூசிபி. எல்எஸ் -எல் போட்டு டிவைஸில் எந்த குரூப் இருக்கிறது என்று பார்த்துவிட்டே சேருங்கள்.