மேரி ஷெல்லிக்கு இருந்த பத்தி

அறிவியல் புனைகதை வரலாறு பற்றிய எங்கள் நூலில், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியின் ‘தி லாஸ்ட் மேன்’ நாவலுக்கு இருந்த பத்தியை எடுத்துவிடலாம் என்றார் தொகுப்பாசிரியர். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நூல் அச்சாகிவிட்டது, உறுத்தல் போகவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. “1826-இல் வந்த புத்தகம். 1833-க்கு அப்புறம் 1965 வரைக்கும் மறுபதிப்பே இல்லை. கைக்கே கிடைக்காத நாவல் பின்னால் எழுதினவங்களை எப்படிங்க பாதிச்சிருக்கும்?”

1901-இல் எம்.பி. ஷீல் எழுதிய ‘தி பர்ப்பிள் கிளவுட்’, 1949-இல் ஜார்ஜ் ஸ்டூவர்ட் எழுதிய ‘எர்த் அபைட்ஸ்’ இரண்டிலும் பேரழிவுக்குப் பின் ஒருவன் ஆளில்லாத ஊர்களில் திரிகிறான். மேரி ஷெல்லியின் நாயகன் வெர்னியும் அப்படித் திரிந்தவன்தான். ஆனால் ஷீலும் ஸ்டூவர்ட்டும் மேரி ஷெல்லியைப் படித்தார்கள் என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. முதல் நூல் என்றும் வாதாட முடியாது. கடைசி மனிதனைப் பற்றி பிரெஞ்சில் கிரான்வில் எழுதிய நாவல் 1805-இலேயே வந்துவிட்டது. ஊகத்தை வரலாறாக அச்சிடக்கூடாது என்று பிறரிடம் கறாராக இருப்பவன், எனக்குப் பிடித்த நாவலுக்கு மட்டும் சலுகை கேட்கலாமா?

ஆனாலும் அந்த நாவலின் கடைசிப் பகுதியை மறுபடி படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை. கொள்ளைநோயிலும், மிஞ்சியவர்கள் கடலில் மூழ்கியும் எல்லோரும் போனபின் வெர்னி இத்தாலியில் தனியாக நடக்கிறான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பரட்டைத் தலையோடு எவனோ எதிரே வர, திடுக்கிடுகிறான். கண்ணாடியில் தெரிந்தது அவனேதான். பிறகு ஊர் ஊராக, கண்ணில் படும் இடங்களில், தான் ரோமில் தங்கப்போவதாக வெள்ளை வண்ணத்தால் மூன்று மொழிகளில் எழுதிவைக்கிறான். எவராவது பிழைத்திருந்தால் படிக்கட்டும் என்று. 1822-இல் கணவரையும், அதற்குமுன் மூன்று குழந்தைகளையும் பறிகொடுத்தவர் எழுதியது இது. யாரும் இல்லாத உலகில் ஒரு மனிதன் நாள் முழுக்க என்ன செய்வான் என்பதை இவ்வளவு நெருக்கமாக யோசித்த ஒருவரை, எழுத்தில் வாரிசு இல்லை என்ற காரணத்தால் வரலாற்றிலிருந்து விடுவது என்ன கணக்கு?

அடுத்த பதிப்பில் வெர்னிக்கு இரண்டு பக்கம் கேட்கப்போகிறேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. எங்கள் நூலின் எல்லா அத்தியாயங்களும் யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற வரிசையிலேயே போகின்றன.