எடை குறைந்தது, முடியும் கொட்டியது: என் அனுபவம்

அறுவை சிகிச்சை முடிந்து 13 வாரங்கள் ஆகியிருந்த ஒரு காலையில், குளித்துக்கொண்டிருந்தபோது காலடியில் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்பதைக் கவனித்தேன். வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு கைப்பிடி அளவுக்கு என் முடி அதை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய சில நாட்களாகவே சீப்பில் வழக்கத்தைவிட அதிகமாக முடி சிக்கியது என்றாலும், ஷாம்புவை மாற்றியதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். ஈரமான அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

எனக்குச் செய்யப்பட்டது எடை குறைப்பதற்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல விட்டுவைப்பார்கள். அறுவைக்கு முன் 108 கிலோவாக இருந்த என் எடை, அந்தக் காலையில் 86 ஆகியிருந்தது. முழங்கால் வலி போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டுவது நின்றுவிட்டது. பார்ப்பவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. உடம்பு இளைத்ததற்காக வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தி, தலைமுடி போகிறதே என்று அழுதால் அது நன்றிகெட்டதனமாகத் தெரியுமோ என்று தயங்கி, இரண்டு வாரங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முடியை இறுக்கி முடிந்து கொண்டை போட்டு மறைத்தேன். அப்படி இறுக்குவது வேரை இழுத்து நிலைமையை மோசமாக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்களை அதன் பிறகுதான் மறுபடி எடுத்துப் புரட்டினேன். நான்காம் பக்கத்தின் அடியில், மலச்சிக்கலுக்கும் குளிர் தாங்காமைக்கும் நடுவே, ‘தற்காலிக முடி உதிர்வு ஏற்படலாம்’ என்று நான்கே சொற்கள் இருந்தன. பொய் சொல்லிவிட்டார்கள் என்று குற்றம் சாட்ட வழியில்லை. ஆனால் எப்போது தொடங்கும், எவ்வளவு கொட்டும், எப்போது நிற்கும் என்று நேரில் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் பல இரவுகளின் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்ற மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் தலையில் வெவ்வேறு இடங்களில் ஐம்பது, அறுபது முடிகளாகச் சேர்த்துப் பிடித்து மெதுவாக உருவினார். ஒவ்வொரு முறையும் எட்டு, பத்து முடிகள் விரலோடு வந்தன. அவற்றில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, நுனியைப் பார்க்கச் சொன்னார். கடுகைவிடச் சிறிதாக, வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது. வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் நான் அதுவரை பயந்திருந்தேன். அது வேர் இல்லை, ஓய்வுக் கட்டத்தை முடித்த முடியின் அடிமுனை, மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று அவர் விளக்கியபோது, அந்த மாதத்தில் முதல் முறையாக நெஞ்சுப் பாரம் இறங்கியது.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள முடியின் சுழற்சி தெரிய வேண்டும். தலையில் உள்ள ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, பிறகு ஏறக்குறைய மூன்று மாதங்கள் சும்மா இருந்து, அதன் பின் உதிர்கிறது. சாதாரணமாகப் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் கட்டத்திலும், மீதி ஓய்விலும் இருப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பெரிய அறுவை, மயக்க மருந்து, திடீரென்று உணவு குறைவது, வேகமாக எடை இறங்குவது ஆகிய எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. உயிர் காக்கும் உறுப்புகளுக்கே சத்து போதாத நேரத்தில் உடம்பு முடிக்காகச் செலவழிப்பதில்லை. இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். 1961இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் வைத்த பெயர் அது.

என்னை உலுக்கியது அந்த மூன்று மாதக் கணக்குதான். 13ஆம் வாரத்தில் என் கையில் வந்த முடி, அறுவை மேசையில் நான் படுத்திருந்த நாட்களிலேயே வளர்வதை நிறுத்திவிட்டிருந்தது. அன்று காலையில் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும், எந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலும் அந்த முடி நின்றிருக்காது. அதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடுகிறது: இந்த வாரம் நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்பதற்கான பதில் இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் தெரியும். இதை நான் அறிந்துகொண்டது தவறு செய்த பிறகுதான்.

முதல் தவறு பயோட்டின் என்ற வைட்டமின். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, முடிக்கு நல்லது என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு புட்டியை வாங்கி, தினம் 10,000 மைக்ரோகிராம் வீதம் விழுங்கத் தொடங்கியிருந்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது போல எண்கள் காட்டின. நல்ல வேளையாக, மருந்து எழுதுவதற்கு முன் வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்டார். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, தைராய்டு, இதயப் பரிசோதனைகளில்கூடப் பொய்யான முடிவைக் காட்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்த பரிசோதனையில் தைராய்டு சரியாகவே இருந்தது. புட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தூக்கி எறிய மனம் வராமல் பல நாள் அலமாரியில் வைத்திருந்தேன்.

உண்மையான குறை வேறோர் எண்ணில் இருந்தது. என் ஹீமோகுளோபின் 12.2, அதாவது பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 ஆக இருந்தது. பணப்பையில் காசு இருக்கிறது, வங்கியில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு இரத்தசோகை இல்லை என்று அனுப்பிவிடுகிற வழக்கம் பரவலாக இருப்பதால், ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை இந்த அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் சொல்வேன். துத்தநாகம், பி12, ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். வைட்டமின் டி மட்டும் கொஞ்சம் குறைவு.

இரும்பு மாத்திரையை நான் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்படியானால் அது எங்கே போனது? மறந்துவிடக் கூடாது என்ற அக்கறையில், காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒரே பிடியாக விழுங்கிவந்ததுதான் கோளாறு. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேநீருக்கும் காபிக்கும்கூட அந்தக் குணம் உண்டு. இரைப்பை சுருங்கியதால் அமிலச் சுரப்பும் குறைந்துவிட்ட உடம்பில் இரும்பு ஏறுவது ஏற்கெனவே கடினம். அதில் நானே தினமும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் இரும்பை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடல் பகுதியையே உணவு தொடாமல் போய்விடுகிறது. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்களுக்கு இந்த அறுவைகளுக்குப் பின் ஒரு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை தனிம இரும்பு, அதாவது உப்பின் எடை சேராத வெறும் இரும்பு, தேவைப்படுகிறது. மாத்திரை அட்டையின் முகப்பில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் இரும்பு உப்பின் எடையே தவிர தனிம இரும்பின் எடை இல்லை என்பதால், அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படிக்கப் பழகினேன்.

துத்தநாகம் முடியை வளர்க்கும் என்று கேள்விப்பட்டு அதையும் கூடுதலாக வாங்கலாமா என்று கேட்டேன். மருத்துவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். துத்தநாகம் அளவு மீறினால் உடம்பில் தாமிரம் குறையும். தாமிரக் குறை நரம்பையே பாதிக்கும். வைட்டமின் ஏயும் செலினியமும் மிகுந்தால் அவையே முடியைக் கொட்டவைக்கும். பரிசோதனையில் குறை தெரியாத எதையும் தனியாகச் சேர்க்காதே என்பது அவருடைய கண்டிப்பு.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது புரதம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை வேண்டும் என்று உணவியலாளர் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். சாப்பிடுகிறேன் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அவர் சொன்னபடி மூன்று நாட்கள் ஒவ்வொரு வாயையும் எடை போட்டுக் குறித்துப் பார்த்தபோது, சராசரியாக 34 கிராம்தான் வந்தது. நான்கைந்து கரண்டியிலேயே நிறைந்துவிடும் வயிற்றில், எது முதலில் போகிறது என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து தட்டில் உள்ள புரதத்தை முடித்த பிறகே மற்றதைத் தொடுவது, சாப்பாட்டோடும் அதற்குப் பின் அரைமணி நேரமும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இடைவேளைகளில் புரதப் பொடியைக் கரைத்து மிடறு மிடறாகக் குடிப்பது என்று மாற்றினேன். அந்தப் பொடியின் வாடை இன்றும் எனக்குக் குமட்டும். ஆறு வாரம் தடுமாறி ஒரு வழியாக 65 கிராமைத் தொட்டேன். தொட்ட நாளில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதக் கணக்கை அறியாமல் இருந்திருந்தால், பலனில்லை என்று அந்த வாரமே பொடி டப்பாவை மூடியிருப்பேன்.

ஐந்தாம் மாதம் உச்சம். வகிடு விரல் அகலத்துக்கு வெளுத்துத் தெரிந்தது. நெற்றிப் பக்கங்களில் மண்டைத் தோல் பளபளத்தது. ஒரு கட்டத்தில் உதிரும் முடியை எண்ண ஆரம்பித்து, 212 என்ற எண்ணில் நிறுத்திவிட்டு, இனி எண்ணுவதில்லை என்று முடிவெடுத்தேன். பதிலாக மாதம் ஒரு முறை, அதே சன்னலருகே, அதே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்துவைத்தேன். முழுத் தலையும் வழுக்கையாகிவிடுமா என்ற என் கேள்விக்கு, இந்த வகை உதிர்வில் பாதிக்கு மேல் போவது அரிது என்று மருத்துவர் பதில் சொன்னார். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டேன். வெட்டியதால் உதிர்வு குறையாது. ஆனால் கொட்டும் முடி நீளமாக இல்லாமல் இருந்தால் பார்க்கும்போது வரும் திகில் குறைகிறது. கழுவாமல் விட்டால் கொட்டாது என்று நினைத்து ஒரு வாரம் தலைக்குக் குளிக்காமல் இருந்தும் பார்த்தேன். எட்டாம் நாள் ஒரு வாரத்து முடியும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம்.

முடி வளரத் தலையில் பூசும் மருந்தான மினாக்ஸிடிலைப் பூசலாமா என்றும் மருத்துவரோடு பேசினோம். தானாக நிற்கப் போகிற உதிர்வுக்கு அது தேவையில்லை, தொடங்கியதும் சில வாரங்கள் கூடுதலாகக் கொட்டவும் செய்யும் என்று கேட்டபோது, அந்தக் கூடுதலைத் தாங்கும் மனநிலையில் நான் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டேன். ஆறு மாதத்துக்கு மேலும் குறையாமல் கொட்டினாலோ, திட்டுத் திட்டாக விழுந்தாலோ, ஓர் ஆண்டுக்குப் பின் புதிதாகத் தொடங்கினாலோ காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றார். அப்போது அது சத்துக் குறையாகவோ வேறு நோயாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

எட்டாம் மாதத்தில் ஃபெரிட்டின் 38க்கு ஏறியது. அதே சமயத்தில், கண்ணாடி முன் தலை வாரும்போது, நெற்றியோரத்தில் சீப்புக்கு அடங்காமல் குச்சி குச்சியாகச் சில முடிகள் எழுந்து நின்றன. வறட்சியால் முடி உடைந்துவிட்டது என்று முதலில் அதற்கும் கவலைப்பட்டேன். ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் நுனி வெட்டுப்படாமல் ஊசி போலக் கூராக இருந்தது. உடைந்த முடிக்கு அப்படி நுனி இருக்காது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் அவை இரண்டு மாதக் குழந்தைகள். வகிட்டின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்பதாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் நடுவில்தான் வித்தியாசம் தெரிகிறது.

பதினோராம் மாதத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து, ஐந்து நாட்கள் ஒன்றும் இறங்கவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் நாட்காட்டியை எடுத்து, மூன்று மாதம் தள்ளி ஒரு வாரத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். அந்த வாரம் வந்தபோது சீப்பில் கொஞ்சம் கூடுதலாகவே முடி இருந்தது. அதை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, இரும்பு மாத்திரைக்கு நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.